பீலியடியில் இருந்த ஐரிஸ் பாத்தி

மதினி,

இன்று காலை மேல் மலையில் டொலமைட் வீசினார்கள். கவ்வாத்து வெட்டி முடித்த தேயிலைக்குப் போடுவார்களே, அந்த வெள்ளைத் தூள். காற்று நம் லயத்து வரிசை வீடுகள் பக்கம் திரும்பியதும் சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியது. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கைக் கொடியிலிருந்து இழுத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாய் கொட்டும் பீலியடிக்கு ஓடினேன். என் முழங்கால் இருக்கிற லட்சணத்தில் அதை ஓட்டம் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். தூள் விழுவதற்குள் பாத்தியை மூடி, மூலைக்கு ஒரு கல்லை வைத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

போய் நின்ற பிறகுதான் நினைவு வந்தது. மூடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கிளறிப் போட்ட கறுப்புச் சேறும், அதில் பீலித் தண்ணீர் தேங்கிய குழிகளும்தான். நாம் இருவரும் இத்தனை காலம் வளர்த்த ஜப்பான் ஐரிஸ் அத்தனையையும் போன வாரம் நானே தோண்டி எடுத்துவிட்டேன். மொட்டு வைக்கிற பருவம் என்று தெரிந்தே தோண்டினேன். ஒரு தூர்கூட மிச்சம் வைக்கவில்லை.

அழுதேன் என்று நினைத்துவிடாதீர்கள். படங்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தேன். நீங்கள் இருந்திருந்தால் முதலில் என்னைத்தான் வைதிருப்பீர்கள். "கிறுக்குப் புள்ள, பூக்குற நேரத்துல எவளாவது வேரைக் கிண்டுவாளா?" என்று. அதற்குப் பிறகுதான் காரணத்தைக் கேட்பீர்கள். காரணத்தைக் கேட்டதும் மண்வெட்டியை என் கையிலிருந்து பிடுங்கியிருப்பீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இந்த லயத்தில் இப்போது ஆளுக்கொரு கதை ஓடுகிறது. உங்கள் மகன் ஒரு கதை சொல்கிறான், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஒரு கதை சொல்கிறார். நடந்ததை நடந்தபடி என் வாயால் நீங்கள் கேட்க வேண்டும்.

அந்தச் செடிகள் யாருடையவை என்பதுதான் இப்போது தகராறு. அதை உங்களைவிட யாருக்குத் தெரியும்?

நீங்கள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வலப்பனையிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. இந்தக் குளிரைச் சபிக்காத நாளே கிடையாது. "எங்க வலப்பனையில வெயிலு வெயிலாட்டம் இருக்கும். இங்க சூரியனும் கம்பளி போத்திக்கிட்டுத்தான் வருது" என்பீர்கள். பங்களாவுக்குக் கீழே இருந்த மலையில் நாம் இருவரும் ஒரே நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தோம். பங்களாக் குளத்தோரத்தில் தொரைசாணி ஐரிஸ் வளர்த்தார். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை அந்தச் செடியைப் பெயர்த்துப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுத்தூர் செத்துப்போகும். ஓரத்தில் இருக்கும் இளங்குருத்துகளை வேறு மண்ணில் நடுவார்கள், செத்த நடுத்தூரை வீசுவார்கள். பங்களாவில் வீசியதெல்லாம் நம் மலைக்கு அடியில் இருந்த பள்ளத்தில்தான் வந்து விழும். உடைந்த பூச்சட்டி, பழைய மெத்தைப் பஞ்சு, அவற்றோடு இந்தத் தூர்களும்.

அந்தக் குப்பைக்குள் ஒன்று பூத்திருந்தது. வெள்ளை. விரித்த கை அகலத்துக்குத் தட்டையாக, இதழ்கள் ஓரத்தில் அலை அலையாக மடிந்து, தொண்டையில் மட்டும் இளம்பச்சை கலந்த மஞ்சளோடு நின்றது. நீங்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சரிவில் சறுக்கிக்கொண்டே போனீர்கள்.

"இங்க பாரு புள்ள. குப்பையில கெடந்துக்கிட்டு என்னா திமிரு இதுக்கு!"

உயிர் இருந்த தூர்களை எல்லாம் பொறுக்கி இரண்டு கூடையிலும் போட்டு, மேலே கொழுந்தைப் பரப்பினோம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை என் கூடைக்குள் கையை விட்டார். கை சேறாக வெளியே வந்தது.

"என்னாங்கடி இது? கொழுந்துக்குள்ள மண்ணு!"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நீங்கள் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"வசம்புங்க ஐயா. இவ புள்ளைக்கு வயித்து வலிங்க. சுட்டு ஒரசிக் குடுக்கணுங்க."

"இவளுக்குக் கல்யாணமே ஆகலியே. ஏது புள்ள?"

"வராமயா போயிரும்? முன்கூட்டியே சேத்து வச்சுக்கிறோமுங்க."

மடுவமே சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே நம் இரண்டு பேரின் நிறையிலும் வெட்டினார். சேற்றுக்கென்று வெட்டியதா, சிரிப்புக்கென்று வெட்டியதா, தெரியாது. அவர்கள் குப்பை என்று வீசியதை நாம் பொறுக்கினோம், அதற்கும் நம் கூலியில் கழித்துக்கொண்டார்கள். உங்களுக்கு அது அன்றைக்கே ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. ஆறாது.

லயத்துப் பீலிக்குக் கீழே, மலைத் தண்ணீர் குழாயிலிருந்து கொட்டி வழிந்தோடும் ஓரத்தில் நட்டோம். மூன்று பக்கம் சேறு, ஒரு பக்கம் எல்லோரும் துணி துவைக்கும் கல். செடிகளோடு தகரத் துண்டுகளும் வந்திருந்தன, பெயர் பொறித்தவை. எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பார்த்து நானே கூட்டிப் படித்துக்கொண்டது. பெக்கோ, டஸ்ட் என்று படித்தவளுக்கு ரோஸ் குயின் என்று படிப்பது கஷ்டமா? அந்தத் தகரங்களை வைத்துத்தான் எது எது என்று பிரித்தேன். பள்ளத்தில் பூத்திருந்த அந்த வெள்ளை மூன்லைட் வேவ்ஸ். ரோஸ் குயின் சிறியது, மூன்றே இதழ், தொங்கிக்கொண்டிருக்கும், இளஞ்சிவப்பில் கொஞ்சம் நீலம் கலந்த நிறம். சேறு எவ்வளவு இருந்தாலும் தாங்கும். எமோஷன் என்று ஒன்று, வெள்ளை இதழின் விளிம்பில் மட்டும் ஊதா ஊறியிருக்கும். வேரியகட்டாவுக்குப் பூ சாதாரண ஊதாதான். இலைதான் அதற்கு அழகு, நெடுக வெள்ளைக் கோடு.

நீங்கள் அந்தப் பெயர் ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

"தகரத்துல இருக்கிறது தொரைசாணி வச்ச பேரு. அவங்கதான் வேணாம்னு வீசிட்டாங்களே. பெறகு அவங்க பேரு எதுக்கு?"

மூன்லைட் வேவ்ஸுக்குச் சலவைச்சேலை என்று பெயர் வைத்தீர்கள். கல்லில் துவைத்துப் புல்லில் விரித்த வெள்ளைச் சேலை மாதிரி இருக்கிறதாம். எமோஷனுக்குக் கிள்ளுப்பட்ட கன்னம். கோடு போட்ட வேரியகட்டாவுக்குக் கிளாக்கர் ஐயா. ஆபீஸ் கிளாக்கர் பெயர் ஏன் என்று கேட்டேன். "வேலை இருக்கோ இல்லியோ, வருசம் பூராவும் உடுப்பு மட்டும் கொறையாது" என்றீர்கள். தலையைத் தொங்கப் போட்டு நிற்கும் ரோஸ் குயினுக்கு நாத்தனார் என்று பெயர் வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "பார்க்கத்தான் பதவிசு. சேத்துல எறங்கிட்டா அசைக்க முடியாது."

நான் தகரத்துப் பெயரை விடவில்லை. நீங்கள் உங்கள் பெயரை விடவில்லை. கடைசி வரைக்கும் ஒரே செடியை இரண்டு பெயரில் கூப்பிட்டோம். இரண்டு பெயருமே சரி என்றுதான் நான் இப்போதும் சொல்வேன்.

அண்ணன் செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. நீங்கள் வலப்பனைக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தீர்கள். அவருக்கு நம் பாத்தி மேல் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கவ்வாத்து வெட்டுகிறவருக்கு உலகத்தில் உள்ள செடியெல்லாம் தேயிலைதான். இலையை எல்லாம் ஒரே மட்டமாக வெட்டி, மேலே இரண்டு கை டொலமைட்டை வீசிவிட்டு, "பாரு தங்கச்சி, எப்படிக் கெளம்புதுன்னு" என்று பீடியைப் பற்றவைத்தார். தேயிலை மண்ணின் புளிப்புதான் ஐரிஸுக்கு உயிர். சுண்ணாம்பு அதற்கு விஷம். புதிதாக வந்த குருத்தெல்லாம் மஞ்சளாக வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது, காமாலை கண்ட பிள்ளை மாதிரி. நீங்கள் திரும்பி வந்து பார்த்தீர்கள். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணனுக்குச் சோற்றோடு உப்புப் போடாத குழம்பை வைத்தீர்கள்.

"என்னா இது, சப்புன்னு இருக்கு?"

"ரெண்டு கை டொலமைட்டு போட்டுக்குங்க. நல்லாக் கெளம்பும்."

மேல் மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, தொழிற்சாலையில் கழித்துப் போட்ட தேயிலைத் தூளைச் சாக்குச் சாக்காகச் சுமந்து வந்து பரப்பினோம். பைன் மரத்து ஊசியிலையை அரித்து வந்து மூடினோம். அடுத்த வருடம் பூக்கவில்லை. அதற்கடுத்த வருடம் பூத்தது. அதிலிருந்து மேல் மலையில் டொலமைட் என்றால் நம் படங்கு இரண்டும் பாத்தி மேல் என்பது வழக்கமாகிவிட்டது. ஒரே மண்ணில் திரும்பத் திரும்ப நட்டால் அந்தச் செடி இளைத்துப்போகும் என்பதும் இப்படிக் கெட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பிரிக்கும்போதெல்லாம் பீலியைச் சுற்றி இடத்தை மாற்றினோம். கல்லுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், பிறகு வாய்க்கால் ஓரம். கழுத்து முங்கத் தண்ணீர் வேண்டாம், கால் நனைந்தால் போதும் என்று வாய்க்காலை அடைப்பதும் திறப்பதும் உங்கள் பொறுப்பு. அடைமழையில்கூட நீங்கள் அதை மறந்ததில்லை.

கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஒரு பெரிய விருந்துக்குப் பங்களாவிலிருந்து கங்காணி வந்து பூ கேட்டார். நீங்கள் பறித்துக் கொடுத்தீர்கள், தண்டு ஒடியாமல் ஈரத்துணியில் சுற்றி. மறு வாரம் அதே கங்காணி மண்வெட்டியோடு வந்தார். தொரைசாணியின் குளத்துச் செடிகள் இளைத்துப் போய்விட்டனவாம்.

"பூவு கேட்டீங்க, குடுத்தோம். பூவு சாமிக்கும் போகும், பொணத்துக்கும் போகும். வேரு அப்படியில்லீங்க. வேரு எங்க வீட்டு ஆளு."

கங்காணி உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த மாதம் நமக்குக் கொழுந்தே இல்லாத மலையாகப் பார்த்து அனுப்பினார்கள். நீங்கள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எடுத்தீர்கள். நான் இரண்டு பேருக்கும் சேர்த்து முணுமுணுத்தேன்.

அண்ணன் போனார். நான் கட்டிக்கொண்டவரும் போனார். நாம் இருவரும் வேலையிலிருந்து நின்றோம். போன வருடத்துக்கு முந்திய மழையில் உங்களுக்கு நெஞ்சுச்சளி கட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு இழுத்துக்கொண்டே, வாய்க்காலைத் திறந்துவிட்டேனா என்று கேட்டீர்கள். திறந்துவிட்டேன் என்றேன். அதுதான் நீங்கள் கடைசியாகக் கேட்டது.

இனி உங்கள் மகன் கதைக்கு வருகிறேன்.

பங்களா இப்போது ஹோட்டல். வெளியூர்க் கம்பெனி ஒன்று குத்தகைக்கு எடுத்திருக்கிறது. அவனுக்கு அங்கே சூப்பர்வைசர் வேலை. காலில் கறுப்புச் சப்பாத்து, கழுத்தில் டை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. போன வருடம் பாத்தி பூத்திருந்தபோது போனில் படம் எடுத்துப் போனான். அதை மனேஜரிடம் காட்டியிருக்கிறான். வஞ்சகமாகக் காட்டவில்லை மதினி, அவ்வளவு நியாயம் நான் பேசுவேன். எங்கள் அம்மாவும் அத்தையும் வளர்த்தது என்று பெருமையாகத்தான் காட்டியிருப்பான். அதுதான் வினையாகிவிட்டது.

மனேஜர் நேரே வந்துவிட்டார். சின்ன வயது, கொழும்புக்காரர். துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று பாத்தியைப் பார்த்தார். அப்போது பூ இல்லை, இலைதான் இடுப்பளவு நின்றது.

"ஆச்சி, மே மல் அபிட்ட ஓனே" என்றார். இந்தப் பூக்கள் எங்களுக்கு வேண்டும் என்று.

"தென்ன பே, மாத்தியா" என்றேன். தர முடியாது என்பதைச் சிங்களத்தில் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏப்ரல் சீசனுக்குக் கூட்டம் வருவதற்கு முன் செடிகளைக் குளத்தோரம் மாற்றிவிட வேண்டும், வெள்ளிக்கிழமை ஆட்களை அனுப்புகிறேன் என்று உங்கள் மகனிடம் சொல்லிவிட்டுப் போனார். குளத்தோரத்தில் வைக்கப் பலகைகூடத் தயாராம். அந்தக் காலத்தில் தொரைசாணி வளர்த்த ஐரிஸ் தோட்டம் என்று எழுதியிருக்கிறார்களாம்.

மறுநாள் கண்டாக்கு வந்தார். நியாயம் பேசினார்.

"ஆயா, எடம் தோட்டத்துக்குச் சொந்தமானது. அதுல மொளச்சது எல்லாம் தோட்டத்துக்குத்தான். சட்டம் அப்படி."

"அப்ப என் தலையில மொளச்சிருக்கிற நரையும் தோட்டத்துக்குத்தானுங்களா? வந்து எண்ணி எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கண்டாக்கு சிரிக்கவில்லை. அவர் பாவம், சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போனார். நான் பிறந்ததும் இந்த ஒற்றை அறைக் காம்பராவில், உழைத்ததும் இந்த மலையில், ஆனால் என் காலுக்குக் கீழே ஒரு சாண் மண்கூட என்னுடையது இல்லை. அது எனக்குத் தெரிந்ததுதான். அதை ஒருவர் என் வாசலில் நின்று எனக்கே எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் உங்கள் மகன் வந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அத்தை, குடுத்துருங்க. நல்ல எடத்துலதான வைக்கப் போறாங்க. தண்ணி இருக்கு, ஆளு இருக்காங்க. ஒங்களுக்கும் வயசாயிருச்சு."

"பலகையில யாரு பேருடா எழுதியிருக்கு?"

"அதுல என்னா இருக்கு? வர்றவங்களுக்கு ஒரு கதை வேணும், அவ்வளவுதான்."

"கதை வேணும்னா ஒங்கம்மா குப்பையில எறங்கிப் பொறுக்குன கதையைச் சொல்லு. அவங்க பேரைப் போடு. இன்னிக்கே வேரோட எடுத்துக்க."

"நானா எழுதுறேன்? நான் அங்க வேலைக்காரன், அத்தை. ஒன் சொந்த ஆளுகிட்டயிருந்தே எடுத்துத் தர முடியலியான்னு கேக்குறாங்க. எனக்கு ரெண்டு புள்ள இருக்கு."

அவன் கண் கலங்கியிருந்தது. என் மருமகன், நான் தூக்கி வளர்த்தவன். வேலை போய்விடும் என்று நிஜமாகவே பயந்தான். மதினி, அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று அன்று முழுக்க யோசித்தேன். பெற்றவள் நீங்கள், மனம் இளகியிருக்கலாம். எனக்கு இளகவில்லை. அவனுக்கு வேலை வேண்டும் என்பது சரி. அதற்காக உங்களை இல்லாதவளாக்க நான் சம்மதிக்க வேண்டும் என்பது சரியில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தவர்கள் அவர்கள், நான் இல்லை.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பௌர்ணமிப் போயா லீவு வந்தது. லயத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். காலையில் கவ்வாத்துக் கத்தியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு பீலியடிக்குப் போனேன். முதல் தூரைப் பெயர்த்தபோது குருத்துக்குள் மொட்டு கையில் தட்டுப்பட்டது, சின்ன விரல் நுனி அளவுக்கு. ஒரு நிமிடம் நின்றேன். பிறகு கத்தியை வைத்துப் பிளந்தேன். இப்போது பிரித்தால் இந்த வருடம் பூக்காது. எனக்கும் பூக்காது, அவர்களுக்கும் பூக்காது. பரவாயில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

துணி துவைக்க வந்த பரமேஸ்வரிதான் முதலில் கேட்டாள்.

"என்னா ஆயா, எல்லாத்தையும் புடுங்குறீங்க?"

"ஒன் வாசல்ல தண்ணி ஓடுதா?"

"பாத்திரம் கழுவுற தண்ணி ஓடுது."

"அப்ப ஒண்ணை எடுத்துக்க. சாம்பலைக் கொட்டிராத, சுண்ணாம்பைக் காட்டிராத. தேத்தண்ணிச் சக்கையைப் போடு, போதும்."

சொல்லி வாய் மூடவில்லை, லயமே இறங்கி வந்துவிட்டது. சட்டியோடு, வாளியோடு, முந்தானையை விரித்துக்கொண்டு வந்தார்கள். நாம் வைத்த பெயரெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததே மதினி, அதுதான் எனக்கு ஆச்சரியம். நீங்கள் தண்ணீர் பிடிக்கும்போது கத்திக்கொண்டிருந்ததெல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"எனக்கு நாத்தனாரைக் குடுங்க. எங்க வீட்டுச் சேறு அதுக்குத்தான் சரி."

"எனக்குக் கிளாக்கர் ஐயா வேணாம் ஆயா. ஏற்கெனவே ஒருத்தர் வீட்டுல உடுத்திக்கிட்டுச் சும்மா குந்தியிருக்காரு."

"அந்தச் சலவைச்சேலை எனக்கு. நான் கேட்டுட்டேன், யாரும் தொடக் கூடாது."

"தொட்டா என்னாடி செய்வ? ஒன் பேரா எழுதியிருக்கு?"

சண்டையே வந்துவிட்டது. நான் கத்தியை நீட்டிச் சத்தம் போட்டுத்தான் அடக்கினேன். ஒவ்வொரு வாசலுக்கும் நானே போய் இடம் பார்த்தேன். தண்ணீர் அதிகம் நிற்கும் வாசலுக்கு ரோஸ் குயின், கொஞ்சம் மேடாக இருந்தால் எமோஷன், நிழல் விழும் சந்துக்கு வேரியகட்டா, அது அங்கேதான் வெளிச்சமாகத் தெரியும். மேல் லயத்துக்காரர்களும் கேள்விப்பட்டு வந்தார்கள். இலையைப் பாதி வெட்டி, குருத்தும் வேருமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பொழுது சாய்வதற்குள் பாத்தி காலி.

வெள்ளிக்கிழமை லொறி வந்தது. நாலு ஆட்கள், மண்வெட்டிகள், சாக்குகள். கூடவே உங்கள் மகன். சேற்றுக் குழியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு லயத்தின் நெடுகக் கண்ணை ஓட்டினான். எல்லா வாசலிலும், எல்லாச் சாக்கடை ஓரத்திலும், உடைந்த வாளியிலும், பழைய பெயின்ட் டின்னிலும் பாதி வெட்டிய பச்சை இலைகள் நின்றன. கூட வந்தவர்களில் ஒருவர் பரமேஸ்வரி வாசல் பக்கம் ஓரடி வைத்தார். அவள் விளக்குமாற்றோடு எழுந்து நின்றாள். அவளுக்கு அடுத்த வாசலில் இன்னொருத்தி எழுந்தாள். சத்தம் ஒன்றும் இல்லை, எழுந்து நின்றதுதான். ஒரு பாத்தியைத் தோண்டலாம். வாசல் வாசலாகப் போய்த் தோண்ட முடியுமா?

"என்னா அத்தை இப்படிச் செஞ்சிட்டீங்க?" என்றான்.

"வேரு கேட்ட ஆளுங்களுக்கு வேரு குடுத்தேன்."

"நாங்களுந்தான கேட்டோம்?"

"நீங்க கேக்கலடா. எடுக்க வந்தீங்க."

லொறி வெறுமனே திரும்பிப் போனது. அவனுக்கு வேலை போகவில்லை. மனேஜர் ஒரு மணி நேரம் திட்டிவிட்டு, குளத்தோரத்துக்கு எங்கிருந்தோ கல்வாழை வாங்கி நடச் சொல்லிவிட்டாராம். பலகை ஒரு மூலையில் சாய்ந்து கிடக்கிறதாம். ஆனால் அந்தத் திட்டை அவன் என் கணக்கில் எழுதிவிட்டான். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. காலையில் என் வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும், தலையைத் திருப்பிக்கொண்டு போகிறான். பேசாவிட்டால் போகட்டும். கிடைத்த வேலைக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதை நான் அவனுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை, நீங்களும் கற்றுக் கொடுக்கவில்லை.

நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்தேன் என்று சிலர் சொல்கிறார்கள். கிழவிக்குக் கிறுக்கு என்று சிலர் சொல்கிறார்கள். நான் இரண்டையும் காதில் வாங்கவில்லை. இந்த ஏப்ரலில் இந்த லயத்தில் ஒரு ஐரிஸ்கூடப் பூக்காது. நாம் நட்ட நாளிலிருந்து, அந்த டொலமைட் வருடத்தைத் தவிர, இப்படி ஆனதில்லை. அது எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது என் முடிவு. அவர்கள் தோண்டிப் போயிருந்தால் பூத்திருக்கும், அது அவர்கள் முடிவாக இருந்திருக்கும். வித்தியாசம் உங்களுக்குப் புரியும்.

எனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. என்னிடம் இருந்தால்தானே கேட்டு வருவார்கள்? எந்த வாசலில் எது நிற்கிறது என்பது மட்டும் தலைக்குள் இருக்கிறது. தினமும் காலையில் ஒரு சுற்றுப் போகிறேன். எது குருத்து விட்டது, எதற்கு எவள் சாம்பலைக் கொட்டினாள், எங்கே தண்ணீர் போதவில்லை என்று பார்த்துக் கத்திவிட்டு வருகிறேன். நீங்கள் விட்டுப்போன தொண்டை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மடுவத்தில் அன்றைக்கு ஒட்டிக்கொண்ட நாக்கு இல்லை இது.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அந்தப் போயா நாளில் கடைசியாக வந்தவள் உங்கள் மருமகள் கோமதி. முந்தானையை நீட்டினாள். நன்றாகத் திரண்ட மூன்லைட் வேவ்ஸ் தூர் ஒன்றை வைத்தேன். அவர்கள் காம்பரா வாசலில், இஸ்தோப்புத் திண்ணைப் படிக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறாள். சப்பாத்துப் போட்டுக்கொண்டு இறங்குகிறவன் கண்ணில் அது படாமல் போக வழியே இல்லை. லொறியோடு வந்த அன்றும் அது அங்கே நின்றது. அவன் அதைக் காட்டிக் கொடுக்கவில்லை. இன்று வரை பிடுங்கிப் போடவும் இல்லை. நேற்று நான் சுற்றிப் போகும்போது அதன் தலையில் யாரோ தேத்தண்ணிச் சக்கையைப் போட்டு, சுற்றிலும் பைன் ஊசியிலையை ஒழுங்காகப் பரப்பியிருந்தார்கள். கோமதிக்கு அது தெரியாது. சின்ன வயதில் நம் கூடவே வந்து ஊசியிலை அரித்தவனுக்குத்தான் தெரியும்.

இருந்தாலும் அவன்தான் முதலில் பேச வேண்டும், மதினி. நான் பேசப் போவதில்லை.